உப்பு ஒத்தடம்

பொன்னேரியில் பழவேற்காட்டுப் பேருந்து ஏறினால், முற்பகல் நேரத்தில் பாதி இடத்தை வெறுங்கூடைகள் பிடித்துக்கொண்டிருக்கும். விடிகாலையில் மீனோடு போன கூடைகள். விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் அவற்றைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உறங்குவார்கள். பக்கத்து இருக்கை அம்மாவின் வலது கட்டைவிரலில் மஞ்சள் அப்பிய துணிச்சுற்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கெளுத்தி குத்திட்ச்சி" என்றார். என்ன மருந்து வைத்தீர்கள் என்று கேட்டேன். "இன்னாத்த வைக்கறது, சூடு காட்டினேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அயர்லாந்து என்று அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். 1937இல் ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் ஒரு வேலை செய்தது. ஆரம்பப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டி, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. பேய்க்கதை, விடுகதை, மழைக்குறி ஆகியவற்றோடு மனிதருக்கும் மாட்டுக்குமான கைவைத்தியமும் அதில் ஒரு தலைப்பு. 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். இன்று அது 7,40,000 பக்கச் சேகரம். தொண்டை வலிக்கு வறுத்த உப்பைக் காலுறையில் நிரப்பிக் கழுத்தைச் சுற்றிக் கட்டுவது, நெஞ்சுச்சளிக்குக் கராகீன் என்ற கடற்பாசியைப் பாலில் காய்ச்சிக் குடிப்பது, கக்குவான் இருமல் வந்த பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் மும்முறை நுழைத்து எடுப்பது என்று போகிறது அந்த ஊர்களின் வைத்தியம். கழுதை என்றதும் எனக்கு நம் தெருக்களில் "கழுதப்பாலே" என்று கூவி வருகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நின்ற இடத்திலேயே கறந்து, ஒரு சங்கு பால் பச்சைக்குழந்தைக்குப் புகட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு நகர்வார்கள். காய்ச்சாத பால் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. அட்லாண்டிக் கரையில் ஒரு கழுதை, வங்கக்கடல் கரையில் ஒரு கழுதை. உப்புக்காற்று அடிக்கும் நம் ஊர் ஒன்றில் உடம்புக்கு வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது.

திருப்பாலைவனத்தில் இறங்கிக்கொண்டேன். ஏரி இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த ஊருக்கு ஒரு கால் வயலில், ஒரு கால் உப்புத்தண்ணீரில். பாலை மரக்காடாக இருந்த இடத்தில், மரத்தை வெட்டப்போய் லிங்கம் வெளிப்பட்டது என்றும், ராஜேந்திர சோழன் கோயில் எடுத்தான் என்றும் தலவரலாறு சொல்லும். கோயில் ஓரமாக இரண்டு கறவைகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கோயிலைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்தவர், மாட்டைப் பற்றிக் கேட்டதும் எழுந்தே விட்டார்.

"மடிநோவு வந்தா மடி வீங்கி கெட்டிப்பட்டுடும் சார். பீச்சினா தண்ணியா வரும், அப்பால ரத்தம் வரும். கத்தாழ, மஞ்சள், சுண்ணாம்பு மூணையும் வெச்சி அரைச்சித் தடவணும். எங்க நைனா காலத்துலர்ந்து இதான்." அளவு கேட்டேன். முன்பெல்லாம் கைப்பிடிக் கணக்குதானாம். இப்போது கிராம் கணக்கில் சொல்கிறார்: சோற்றுக்கற்றாழை 250, மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். மடியை ஒட்டக் கறந்து கழுவிவிட்டு, விழுதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் இளக்கி, நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள் விடாமல் தடவ வேண்டும். கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது? "பால் சங்கத்துக் கூட்டத்துல சொன்னாங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் மரபுவழி மூலிகை மருத்துவத்துக்கென்று ஒரு மையம் வைத்திருக்கிறது. அங்கே பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவரோடு இருந்தவர்களும் கிராமத்துக் கைமருந்துகளை எடுத்து, அளவும் வேளையும் நிர்ணயித்து, மாட்டுக்காரர்களுக்கே திருப்பிக் கற்றுக்கொடுத்தார்கள். தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பழமையின் மேல் உள்ள பாசம் இதற்குக் காரணமில்லை. மடிநோய்க்கு ஊசி போட்டால் அந்த மருந்தின் எச்சம் பாலில் இறங்குகிறது, கிருமிகளும் மருந்துக்குப் பழகிப்போகின்றன. அந்தக் கவலைதான் காரணம். அப்பன் சொன்ன மருந்து பல்கலைக்கழகம் போய், பால் சங்கம் வழியாக மகனிடமே வந்து சேர்ந்திருக்கிறது. பெரியவருக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. "அவங்களும் யார்னா ஒரு கெய்வன்கிட்டதான கேட்டிருப்பாங்க" என்றார்.

கோமாரிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு மருந்து சொல்லியிருக்கிறார்கள். சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு சேர்த்தரைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்து நாக்கில் தடவிக் கொடுப்பது. வாய்ப்புண்ணால் தீனி எடுக்காத மாடு வாய் அசைக்கத் தொடங்குவதற்கு அது உதவும். நோய் வராமல் காப்பது தடுப்பூசிதான், அதையும் அவர் தவறாமல் போடுகிறார். ஒரு மாட்டின் விலாவில் பழைய சூட்டுத்தழும்பு தெரிந்தது. விற்றவர் போட்டதாம். வயிறு உப்பினாலும் சூடு, கால் நொண்டினாலும் சூடு என்று இருந்த காலம் ஒன்று உண்டு. சூடு பட்ட மாடு துள்ளி எழுந்ததை நோய் தெளிந்ததாக எடுத்துக்கொண்டவர்கள் மாட்டோடு நிற்கவில்லை, வலிப்பு வந்த பிள்ளைக்கும் மஞ்சள் கொம்பைச் சுட்டு வைத்தார்கள். நாட்டு மருத்துவத்தைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மெல்லப் புரட்டிவிடுவார்கள்.

கறந்துகொண்டிருந்த மாட்டுக்குப் பால் திடீரென்று நின்றுபோனால் இங்கே கண்ணேறு என்கிறார்கள். அயர்லாந்தில் குட்டிச்சாத்தான்கள் கல்லம்பு எய்துவிட்டன என்பார்கள். வயலில் கிடைத்த கற்காலத்துக் கூர்ங்கல்லைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரை மாட்டுக்குப் புகட்டுவார்கள். நம் ஆட்கள் கறுப்புக்கயிறு கட்டுகிறார்கள். செலவு குறைவு.

பழவேற்காட்டுக்குள் நுழைந்ததும் காற்றே மாறிவிடுகிறது. ஆரணியாறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேரும் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்து இதுதான் பெரியது. வடக்குப் பகுதி முழுக்க ஆந்திரத்தில் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை சிதைந்து புதராகிவிட்டாலும் அவர்களுடைய கல்லறைத்தோட்டம் இருக்கிறது. அதன் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஊருக்குப் போகாமலேயே முடிந்துபோனவர்களைத் தாண்டித்தான் படகுத்துறைக்கு நடந்தேன்.

துறையில் மருந்து என்று கேட்டால் யாரும் பேசுவதில்லை. முள் என்று கேட்டால் எல்லோரும் பேசுகிறார்கள். ஆளுக்கொரு தழும்பு. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். திருக்கைக்கு வாலில். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான் இருக்கும் என்பதால் இறங்கி நடந்தே பிடிக்கிறவர்கள் நிறைய. திருக்கை சேற்றில் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால் வாலைச் சுழற்றி அடிக்கும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல், சேற்றை அளைந்துகொண்டே நடப்பார்கள். குத்தும் அடியும் பட்டால்? வலைக்குக் கண்ணி பின்னிக்கொண்டிருந்தவர் அடுக்கினார்: ரத்தத்தைக் கொஞ்சம் ஓடவிடு, உடைந்த முள்ளை எடு, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வை, வெந்நீர் இல்லையா, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடு. "எம்மா நேரம்?" என்றேன் அவர் பாணியிலேயே. "வலி எறங்கற வரைக்கும்."

இதையேதான் இன்றைய முதலுதவிக் கையேடுகளும் சொல்கின்றன. திருக்கை, கெளுத்தி இரண்டின் நஞ்சும் புரதத்தால் ஆனது, சூட்டில் சிதையும். தோல் வெந்துவிடாத அளவுக்கு, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். வலைக்காரர் வெப்பமானி இல்லாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது தடுப்பூசி. முள் இறங்கிய புண்ணில் ரணஜன்னி வரலாம். கேட்டதும், "அதும் போடுவோம், ஆஸ்பத்திரி இங்கதான கீது" என்றார். காலில், கையில் பட்டால்தான் இந்தக் கணக்கெல்லாம். 2006இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வினுக்குத் திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்தது. அதற்கு எந்தக் கரையிலும் ஒத்தடம் கிடையாது.

சொறிமீன் பட்டால் அடப்பங்கொடி. கடலோர மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்கும் அந்தக் கொடியின் இலையைக் கசக்கிச் சாற்றைத் தேய்க்கிறார்கள். தாய்லாந்து மீனவர்களும் அதையே செய்ய, அங்குள்ள ஆய்வாளர்கள் அந்தச் சாற்றைச் சொறிமீன் நஞ்சோடு வைத்துச் சோதித்தார்கள். நஞ்சின் வேகத்தைக் குறைப்பதாகக் கண்டார்கள். ஆனால் அதற்கு முன் பட்ட இடத்தைக் கடல்தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுறைகளும் வெடித்துவிடும். படகிலிருந்த பையன் ஒருவன் இதைச் சொல்லாமலே செய்துகாட்டினான். குடத்தில் குடிநீர் இருந்தும் கை ஏரிப்பக்கம்தான் போனது.

அக்கரையில் லைட்ஹவுஸ் குப்பம். இன்று பாலத்தில் ஆட்டோ போகிறது. பாலம் வருவதற்கு முன்னிருந்த இரவுகளைப் பற்றிப் படகோட்டி ஒருவர் நிறையச் சொன்னார். பிள்ளைப்பேறு வலியெடுத்தாலும், வாந்தி பேதி கண்டாலும் படகுதான். காற்று எதிர்த்தால் துடுப்பு, தண்ணீர் வற்றினால் இறங்கித் தள்ளுவது. அவர் பேசப் பேச எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மருந்துகளை உண்மை, பொய் என்று இரண்டு கூடையில் போடுவதில் பலனில்லை. எந்த நோய் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. சளி பத்து நாள் காத்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு ஒரு வாரம் பார்க்கலாம். முள் வலி ஒரு மணி நேரம். அக்கரைக்காரர்கள் தூரத்தை வைத்துத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

"கொயந்த பெத்தவளுக்கு இன்னா கொடுப்பீங்க ஆயா?" என்று திண்ணையில் கருவாடு தட்டிக்கொண்டிருந்த கிழவியிடம் கேட்டேன். தன் மருமகளுக்கும் பேத்திக்கும் செய்து போட்டதை ஒரு மணி நேரம் சொன்னார். பால்சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சள் போட்டுப் பிசைந்து, பூண்டும் சின்ன வெங்காயமும் அள்ளிப் போட்டு வதக்கும் புட்டு. காரப்பொடி மீனில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட குழம்பு, புளி பேருக்குத்தான். திருக்கையை மஞ்சள், மிளகு வைத்துக் காரமாக. குளிர்ச்சி என்று நினைக்கிற எதையும் கிட்டே சேர்ப்பதில்லை. சளி பிடித்தவனுக்கு நண்டு ரசம், காலை ஓட்டோடு நசுக்கிப் போட வேண்டும். "மூக்குல தண்ணி ஊத்தணும் நைனா, அப்பதான் அது ரசம்." சுறா தின்றால் பால் பெருகும் என்பதற்கு ஆய்வுச் சான்று தேடிப்போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் பிள்ளை பெற்ற ஏழைப்பெண்ணுக்கு வேளாவேளைக்கு நல்ல மீன் தர வேண்டும் என்று ஒரு வீடு முழுக்க நம்புவதும் லேசுப்பட்ட மருந்தில்லை. அந்த ஒரு மாதமாவது நல்ல துண்டு அவள் தட்டுக்குப் போகும்.

இப்போது அதற்கும் தடை வந்திருக்கிறது. பெரிய களிநண்டு உயிரோடு கட்டப்பட்டுச் சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்குப் போகிறது. ரசத்துக்கு மிஞ்சுவது குட்டிதான். முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடல்நீர் ஏறுவதில்லை, ஏறாவிட்டால் இறாலும் மீனும் உள்ளே வருவதில்லை. "சுறா ஓணும்னா காசிமேட்டுக்குப் போவணும், ஆன வெல குதுர வெல" என்றார் ஆயா. மருந்துக்கடையில் கிடைப்பதை விட வீட்டு மருந்து விலையேறிப்போன ஊர் இது. சுறாவின் ஈரலை ஒரு காலத்தில் அரசாங்கமே மருந்தாக்கியது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு காட் மீன் ஈரல் எண்ணெய் வரத்து நின்றபோது, மதராஸ் மாகாண மீன்துறை சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சி விநியோகித்தது. கடல்குதிரையைக் காயவைத்துப் பொடித்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் வழக்கமும் தமிழகக் கரையில் இருந்தது. 2001இல் வனவிலங்குச் சட்டம் கடல்குதிரையைப் பிடிப்பதற்குத் தடை போட்டுவிட்டது. அந்த இருமலுக்குப் பிறந்த ஆறாவது வாரத்திலிருந்தே தடுப்பூசி இருக்கிறது என்பதால் கடல்குதிரைக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

ஆயாவின் வீட்டுப் பின்புறத்தில் கீழாநெல்லி முளைத்துக்கிடந்தது. காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடுப்பது ஊரறிந்த மருந்து. உலகமும் ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் மற்றவர்களும் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. ஊரெல்லாம் கொண்டாடியது. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. காமாலையில் தானே தணிவது உண்டு, ஈரலைத் தின்பதும் உண்டு. கீழாநெல்லி குடித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறவர் தப்பிப்பார்.

மரு விஷயத்தில் அயர்லாந்தும் பழவேற்காடும் ஒரே செடிக்குடும்பத்தில் கை வைத்திருக்கின்றன. இங்கே அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் வரும் பாலை மருவில் தொட்டு வைக்கிறார்கள், அங்கே அதன் பங்காளிச் செடிப் பாலை. அதே குடும்பத்துச் செடி ஒன்றின் பாலிலிருந்து எடுத்த களிம்பை, வெயிலால் தோலில் வரும் செதில்புண்ணுக்காக 2012இல் அமெரிக்கா அனுமதித்தது. தோல் புற்று வருமோ என்ற ஐயத்தில் 2020இல் ஐரோப்பா தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பாட்டி மருந்து பெரிய கம்பெனிக்குப் போனாலும் பக்கவிளைவு கூடவே போகும்.

பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலுக்கு வெளியே கைக்குழந்தைகளோடு சில பெண்கள் நின்றார்கள். பொட்டு வைத்தவர்கள்தான் அதிகம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஆளாளுக்குப் பிள்ளையின் நெற்றியில் ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். ராத்திரி வீரிட்டு அழுகிற பிள்ளைக்கு, பயந்த பிள்ளைக்கு. சற்று தள்ளி, 1515இல் போர்த்துகீசியர் தொடங்கிய மகிமை மாதா கோயிலிலும் இதே வீட்டுப் பெண்கள் மெழுகுத்திரி ஏற்றுவார்கள். யாரும் கட்டணம் கேட்பதில்லை. அயர்லாந்திலும் மருந்து கொடுத்தவருக்குக் காசு தரக் கூடாது, நன்றிகூடச் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. அழுகை நின்றதா என்றால், தாய் கொஞ்சம் தெளிந்தாள், பிள்ளை தோளில் தூங்கிவிட்டது. காய்ச்சல் இருந்திருந்தால் இந்த வரிசையில் நிற்கமாட்டேன் என்று ஓர் இளம் தாய் என் கேள்விக்கு வெடுக்கென்று பதில் சொன்னாள்.

காத்திருக்க முடியாத ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்க இருளர் குடியிருப்புக்குப் போனேன். ஏரியில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் குடும்பங்கள். இவர்களுடைய உறவுமுறைக்காரர்கள்தான் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்து அந்த நான்கை நம்பித்தான் இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பலர் கடிபட்ட பின் வேரும் மந்திரமும் தேடி நேரத்தை விட்டவர்கள். கடல்பாம்பு இன்னொரு தொல்லை. கடித்தது வலிக்கவே வலிக்காது, சில மணி நேரம் கழித்து உடம்பு முறுக்கிக்கொண்டு வலிக்கும், சிறுநீர் கறுக்கும். நம் விஷமுறிவு மருந்தில் அதற்குப் பங்கும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சைத் தாங்கிப் பிடிக்கும் வசதிதான் காப்பாற்ற வேண்டும்.

"பாம்புக்கு வேரு கீதா அண்ணே?" என்று கேட்டேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. வலது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"கீது. எங்க தாத்தா காட்டுனாரு."

"கொடுப்பீங்களா?"

"வண்டி வர்ற வரைக்கும் கொடுப்போம். வண்டி வந்துட்டா அத்தயும் துப்பச் சொல்லிடுவோம்" என்றவர், சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எண்களைக் காட்டினார். 108க்கு அடுத்து இரண்டு ஆட்டோக்காரர்களின் பெயர்கள். எதற்கு இரண்டு என்றேன்.

"ராத்திரியில ஒருத்தன் எடுக்கமாட்டான் சார்."